அடுத்தவர் அமரும் முன்: பொதுக் கணினிகள் பற்றிய கேள்வி பதில்

நூலகம், பிரவுசிங் சென்டர், பள்ளி ஆகிய இடங்களில் பலர் பயன்படுத்தும் கணினிகளைப் பற்றி அண்மையில் வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தரப்படுகிறது. கடிதம் எழுதியவர்களின் பெயர்களை அவர்கள் நலன் கருதி வெளியிடவில்லை.

கேள்வி: எங்கள் ஊர்ப்புற நூலகத்திற்கு ஒரு தனியார் அலுவலகம் தான் பயன்படுத்தி முடித்த நான்கு கணினிகளை அன்பளிப்பாகக் கொடுத்திருக்கிறது. நான்கிலும் விண்டோஸ் 10 இருக்கிறது. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள், பள்ளிப் பிள்ளைகள், ஓய்வூதியர்கள் எனப் பலரும் பயன்படுத்தும்படி அவற்றை அமைக்க விரும்புகிறோம். எவரும் எதையும் மாற்றிக் கெடுத்துவிடாமல் இருக்க என்ன பூட்டுப் போட வேண்டும்?
– வாசகர் வட்டச் செயலாளர், திருவாரூர் மாவட்டம்

பதில்: கணினியை வாசகரிடமிருந்து எப்படிக் காப்பது என்பதையே பொதுக் கணினி வைப்பவர்கள் அனைவரும் முதலில் கேட்கிறார்கள். கணினி கெட்டுப்போனால் ஒரு பிற்பகலில் மறுபடி நிறுவிக்கொள்ளலாம். காலையில் வந்த ஓய்வூதியர் தம் மின்னஞ்சலை மூடாமல் எழுந்து போக, மாலையில் வந்த ஒருவர் அதைப் படித்துவிட்டால், அதைத் திரும்பப் பெற எந்த மென்பொருளும் இல்லை. எனவே ஒரு வாசகரை அவருக்குப் பின் வந்து அமரும் வாசகரிடமிருந்து காப்பதே உங்கள் முதற்கடமை என்று கருதுகிறேன். அந்த ஏற்பாட்டைச் சரியாகச் செய்தால் கணினியைக் காக்கும் வேலையில் பெரும்பகுதி அதிலேயே முடிந்துவிடும்.

முதலில், வந்த கணினிகளை வந்த நிலையிலேயே பயன்படுத்தாதீர்கள். அவற்றின் வட்டில் கொடுத்த அலுவலகத்தின் கடிதங்களும் சம்பளப் பட்டியல்களும் இருக்கக்கூடும். விரைவு ஃபார்மட் செய்தால் கோப்புகளின் அட்டவணைதான் போகுமே தவிர, உள்ளடக்கத்தைப் பெரும்பாலும் மீட்டெடுத்துவிட முடியும். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி அன்பளித்தவரிடமே ஒப்படைத்துவிட்டு, புதிதாக ஒரு சிறிய எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான சேமிப்பகம்) பொருத்துவதே நல்லது. வாசகர் வட்டத்தின் நிதியை வேறு எதில் செலவிடுவதைக் காட்டிலும் இதில் செலவிடலாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது சற்றுப் பின்னால் தெரியும்.

இரண்டாவது, விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் வராத ஓர் இயங்குதளத்தை முகம் தெரியாத பலர் கையில் கொடுப்பது சரியல்ல. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் செயலி என்றால் ஏறத்தாழ எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். அலுவலகங்கள் கழித்துக்கட்டும் கணினிகள் பலவற்றுக்கு அந்தத் தகுதி இராது. அப்படியானால் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவுங்கள். விண்ணப்பம் நிரப்புவது, மின்னஞ்சல் பார்ப்பது, பாடம் கேட்பது, அச்சிடுவது என ஒரு நூலகத்தில் நடக்கும் வேலைகள் எல்லாம் அதில் தடையின்றி நடக்கும். தமிழ் 99 விசைப்பலகையும் அதில் கிடைக்கும்.

லினக்ஸ் மின்ட்டை நான் பரிந்துரைக்க முதன்மையான காரணம் அதிலுள்ள கெஸ்ட் அமர்வு, அதாவது விருந்தினர் அமர்வு. உள்நுழைவுத் திரைக்கான அமைப்பில் விருந்தினர் அமர்வுக்கு அனுமதி தரும் ஒரு தேர்வு இருக்கிறது. அதை இயக்கிவிட்டால், வாசகர் கடவுச்சொல் எதுவும் இல்லாமல் உள்ளே வரலாம். அவருக்காக அப்போதைக்கு ஒரு தற்காலிகக் கோப்புறை உருவாகும். அவர் வெளியேறியதும் அந்தக் கோப்புறையும், அதிலிருந்த பதிவிறக்கங்களும், உலாவியில் தேங்கிய குக்கிகளும் (உள்நுழைவு போன்றவற்றை நினைவில் வைக்கும் சிறு பதிவுகள்), திறந்திருந்த மின்னஞ்சல் கணக்கும் பள்ளிச் சிலேட்டைத் துடைத்ததுபோல் ஒருசேரப் போய்விடும். ஒவ்வோர் அமர்வும் தமிழ் விசைப்பலகையோடும், முகப்பில் தேவையான தளங்களின் குறிப்போடும் தொடங்க வேண்டுமானால், அதற்கென ஒரு மாதிரிக் கோப்புறையில் அந்த அமைப்புகளை ஒரே ஒருமுறை வைத்துவிட்டால் போதும். நிர்வாகிக்கான கணக்கு தனியாக இருக்கட்டும். அதன் கடவுச்சொல் நூலகருக்கும் உங்களுக்கும் மட்டும் தெரிந்தால் போதுமானது.

விண்டோஸிலேயே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இருந்தால் வேறு வழி தேட வேண்டும். பொதுக் கணினிகளுக்காக மைக்ரோசாப்ட் 'ஸ்டெடிஸ்டேட்' என்ற மென்பொருளை ஒரு காலத்தில் இலவசமாகத் தந்துகொண்டிருந்தது. 2010 டிசம்பர் 31-க்குப் பிறகு அதைத் தருவதை நிறுத்திவிட்டது. இன்று கல்லூரி ஆய்வகங்களில் பரவலாகக் காணப்படுவது விலைக்குக் கிடைக்கும் 'டீப் ஃப்ரீஸ்'. இலவசமாக வேண்டுமானால் 'ரீபூட் ரீஸ்டோர் ஆர்எக்ஸ்' உண்டு. இவ்விரண்டும், எவர் எதை மாற்றினாலும் அடுத்தமுறை கணினி தொடங்கும்போது நீங்கள் வைத்த பழைய நிலைக்கே அதைக் கொண்டுவந்துவிடும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இத்தகைய மென்பொருள் இருந்தால் வைரஸ் வராது என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். மாற்றங்கள் அழிவது கணினி மறுபடி தொடங்கும்போதுதான். அதுவரை உள்ளே வந்த எதுவும் உயிரோடுதான் இருக்கும். காலை பத்து மணிக்கு வந்தவர் தெரிந்தோ தெரியாமலோ விசை அழுத்தங்களைப் பதிவுசெய்யும் ஒரு நிரலை இறக்கிவிட்டு எழுந்து போனால், மாலையில் கணினியை அணைக்கும் வரை அமர்ந்த அத்தனை பேருடைய கடவுச்சொற்களும் அதற்குக் கிடைக்கும். ஆகவே இந்த முறையில் ஒவ்வொரு வாசகர் எழுந்த பிறகும் கணினியை மறுதொடக்கம் செய்தே ஆக வேண்டும். பழைய ஹார்ட் டிஸ்க்கில் இதற்குப் பல நிமிடங்கள் ஆகும் என்பதால், வரிசையில் ஆள் நிற்கும்போது எவரும் இதைச் செய்ய மாட்டார்கள். எஸ்எஸ்டி இருந்தால் விரைவில் முடிந்துவிடும். எஸ்எஸ்டிக்குச் செலவிடுங்கள் என்று மேலே சொன்னதன் இரண்டாவது காரணம் இதுதான்.

அத்துடன், இப்படிப் பழைய நிலைக்கே திரும்பும்படி உறைய வைத்த கணினிக்கு வந்த பாதுகாப்புத் திருத்தங்களும் மறுதொடக்கத்தில் அழிந்துபோகும். நூலக விடுமுறை நாளில் உறைநிலையை நீக்கி, திருத்தங்களை நிறுவி, மறுபடி உறைய வைக்க ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். இப்படி ஒருவரைப் பொறுப்பாக்காத இடங்களில் பல மாதங்களாகத் திருத்தமே காணாத கணினிகள் பாதுகாப்பானவை என்ற நம்பிக்கையோடு ஓடிக்கொண்டிருக்கின்றன.

மென்பொருளை எவ்வளவு கவனமாக அமைத்தாலும், பென் டிரைவிலிருந்து வேறோர் இயங்குதளத்தைத் தொடங்க முடியுமானால் அத்தனையும் வீண். கணினி தொடங்கும்போது முதலில் இயங்கும் பயாஸ் அமைப்பில் உள்வட்டிலிருந்து மட்டுமே தொடங்கும்படி வைத்து, அந்த அமைப்புக்கும் கடவுச்சொல் இடுங்கள். பழைய மேசைக் கணினிகளில் தாய்ப்பலகையின் மின்கலத்தைச் சிறிது நேரம் கழற்றினாலே அந்தக் கடவுச்சொல் போய்விடுவதுண்டு, எனவே சி.பி.யு. பெட்டியின் பின்புறம் இருக்கும் வளையத்தில் ஒரு சிறு பூட்டு போடுங்கள். நீங்கள் கேட்ட பூட்டு பொருந்துகிற இடம் அதுதான். பெட்டியின் பின்பக்கம் நூலகர் பார்வைக்குத் தெரியும்படி இருப்பதும் நல்லது. விசைப்பலகையின் இணைப்புக்கும் பெட்டிக்கும் நடுவே செருகப்படும், விரல் நுனியளவே உள்ள ஒரு கருவி அடிக்கப்படும் ஒவ்வோர் எழுத்தையும் சேமித்துவிடும். எந்த வைரஸ் தடுப்பானும் அதைக் கண்டுபிடிக்காது. தினமும் திறக்கும்போது அந்த இணைப்புகளைக் கண்ணால் ஒருமுறை பார்ப்பதே அதற்குரிய காவல்.

நூலக உறுப்பினர் விவரங்கள் இருக்கும் அலுவலகக் கணினி, பொதுக் கணினிகளோடு ஒரே வலையமைப்பில் இருக்க வேண்டாம். பெரும்பாலான ரௌட்டர்களில் விருந்தினர் வலையமைப்பு ஒன்றைத் தனியே ஏற்படுத்தும் வசதி இருக்கிறது. ரௌட்டரோடு வந்த நிர்வாகக் கடவுச்சொல்லையும் அன்றே மாற்றிவிடுங்கள்.

கேள்வி: பிரவுசிங் சென்டர் நடத்துகிறேன். ஆதார், சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் என அச்செடுக்க வருகிறவர்கள் எல்லாவற்றையும் என் வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்புகிறார்கள். டெஸ்க்டாப் முழுவதும் அவை குவிந்து கிடக்கின்றன. திரும்ப வந்து கேட்பார்களே என்று அழிக்கவும் மனம் வரவில்லை. சட்டப்படி எதை வைத்திருக்க வேண்டும், எதை அழிக்க வேண்டும்?
– தென்காசி மாவட்டம்

பதில்: உங்கள் வாடிக்கையாளர்களுக்கு உதவ வேண்டும் என்ற எண்ணத்தில்தான் அவற்றை வைத்திருக்கிறீர்கள் என்பது புரிகிறது. ஆனால் அந்தக் குவியலில் என்ன இருக்கிறது என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். பதிவிறக்கிய மின்-ஆதாரின் கடவுச்சொல், பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளும் பிறந்த ஆண்டும் சேர்ந்ததாகும். அதே கோப்புறையில் அவருடைய மதிப்பெண் பட்டியலும் இருந்தால் பெயரும் பிறந்த தேதியும் அதிலேயே இருக்கின்றன. பூட்டும் சாவியும் ஒரே இடத்தில் கிடைத்துவிடுகின்றன. கைபேசி எண்ணோ உங்கள் வாட்ஸ்அப்பில் இருக்கிறது. பிறர் பெயரில் சிம் கார்டு வாங்கவும் கடன் எடுக்கவும் நினைக்கும் ஒருவருக்கு இதற்கு மேல் அதிகம் தேவைப்படாது.

சைபர் கஃபேக்களுக்கான மைய அரசின் விதிகள் 2011 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டன. பயன்படுத்துபவரின் அடையாள ஆவணத்தைச் சரிபார்த்தல், யார் எந்த நேரத்தில் எந்தக் கணினியில் அமர்ந்தார் என்ற பதிவேட்டைக் குறைந்தது ஓராண்டுக்கு வைத்திருத்தல், அணுகப்பட்ட தளங்களின் பதிவையும் அதே காலத்துக்குக் காத்தல், தடுப்புகளின் உயரம் தரையிலிருந்து நாலரை அடியைத் தாண்டாதிருத்தல் ஆகியவை அவ்விதிகளில் உள்ளவை. வைத்திருக்க வேண்டியது இந்தப் பதிவேடும் அதற்குரிய அடையாளச் சான்றும்தான். அச்செடுக்க வந்தவரின் சான்றிதழ்களைச் சேர்த்து வைக்கும்படி அவ்விதிகள் கேட்கவில்லை. பதிவேட்டையும் எல்லோரும் புரட்டும்படி மேசைமேல் போட்டுவைக்காமல், அதில் எழுதப்பட்ட எண்கள் அடுத்து வருபவர் கண்ணில் படாதபடி வைத்துக்கொள்ளுங்கள்.

எனவே அச்செடுத்துக் கொடுத்ததும், அவர் எதிரிலேயே கோப்பை அழித்துவிடுங்கள். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு அழித்தால் ரீசைக்கிள் பின்னில் அது தங்காது. வாட்ஸ்அப்பில் மறையும் செய்திகளுக்கான காலத்தை 24 மணி நேரமாக வைத்தால் அதன்பின் வரும் புதிய உரையாடல்கள் தாமாகவே நீங்கும். ஆயினும் கணினியில் ஏற்கெனவே இறக்கிய கோப்புகளை அது தொடாது என்பதால், அந்தக் கோப்புறையை இரவு கடையடைக்கும் முன் காலிசெய்ய வேண்டும். அச்சுப்பொறியின் அமைப்பில், அச்சிட்ட ஆவணங்களை வைத்திருக்கச் சொல்லும் தேர்வு குறிக்கப்பட்டிருந்தால் அதை எடுத்துவிடுங்கள். பெரிய ஜெராக்ஸ் இயந்திரங்கள் சிலவற்றின் உள்ளேயும் ஒரு ஹார்ட் டிஸ்க் இருக்கும். அதை விற்கும்போதோ மாற்றும்போதோ மெக்கானிக்கிடம் சொல்லி அதிலிருப்பதை அழிக்கச் செய்யுங்கள். அடிக்கடி வருகிறவர் கோப்பு மறுபடி வேண்டும் என்று கேட்டால், அவருடைய கைபேசியிலேயே அரசின் மின்னணு ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரைத் திறந்து கொடுத்து அதில் வைத்துக்கொள்ளக் கற்றுக்கொடுங்கள். பத்து நிமிட வேலை. கட்டணம் வாங்கிக்கொண்டாலும் தவறில்லை.

கேள்வி: குரூப் 4 தேர்வுக்கு விண்ணப்பிக்க எங்கள் ஊர் சென்டருக்குத்தான் போக வேண்டும். வீட்டில் கணினி இல்லை. நான் என்னென்ன கவனிக்க வேண்டும்?
– மாணவி, தருமபுரி மாவட்டம்

பதில்: உங்களைப் போன்றோருக்கு மிகுதியாக நேரும் இடர், சென்டரில் உள்ளவரே ஒருமுறைப் பதிவை (விண்ணப்பிக்கும் முன் தேர்வாணையத் தளத்தில் உங்கள் விவரங்களைப் பதிவதை) செய்து கொடுக்கும்போது வருவது. வேலை விரைவாக முடியட்டும் என்று தம்முடைய மின்னஞ்சல் முகவரியையோ கைபேசி எண்ணையோ அவர் இட்டுவிடுகிறார். அடுத்த ஆண்டு கடவுச்சொல் மறந்துபோய் மீட்க முயலும்போது, ஓ.டி.பி. அவருக்குப் போகிறது, அவர் எண்ணை மாற்றியிருந்தால் அதுவும் இல்லை. உங்கள் எண்ணும் உங்கள் மின்னஞ்சலும்தான் பதிவில் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். மின்னஞ்சல் இல்லையென்றால் கைபேசியில் ஒன்று தொடங்கிக்கொண்டு போங்கள். அப்பாவின் கைபேசி எண்ணாக இருந்தாலும் பரவாயில்லை, அது உங்கள் வீட்டில் இருக்கும்.

கடவுச்சொல்லை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். அதைச் சேமிக்கவா என்று உலாவி கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். உலாவியின் தனிப்பட்ட சாளரத்தைப் பயன்படுத்துவது நல்லதுதான். மூடியதும் வரலாறும் குக்கிகளும் போய்விடும். ஆனால் இறக்கிய கோப்புகள் அப்படியே இருக்கும். கணினியிலேயே உளவு நிரல் இருந்தால் அதிலிருந்தும் அது உங்களைக் காக்காது. ஆகவே வீடு திரும்பிய பின் கைபேசியிலிருந்து கடவுச்சொல்லை ஒருமுறை மாற்றிவிடுங்கள். சென்டரின் கணினியில் உங்கள் வாட்ஸ்அப்பைத் திறந்திருந்தால், கைபேசியில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்ற பகுதிக்குப் போய் அந்தக் கணினியை நீக்குங்கள். ஜிமெயிலுக்கும் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் இதேபோல் சாதனங்களின் பட்டியல் இருக்கிறது. தேர்வுக் கட்டணம் செலுத்த வங்கிக் கடவுச்சொல்லை அந்தக் கணினியில் இட வேண்டாம்; திரையில் யுபிஐ கியூஆர் குறி கிடைத்தால், பெறுபவரின் பெயரைப் பார்த்துவிட்டு உங்கள் கைபேசியால் செலுத்துங்கள். எப்போதேனும் கணக்கிலிருந்து பணம் போனது தெரிந்தால் 1930 என்ற எண்ணை உடனே அழையுங்கள். தாமதிக்கத் தாமதிக்கப் பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு குறையும்.

கேள்வி: நூலகக் கணினியில் பிள்ளைகள் வேண்டாதவற்றைப் பார்க்காமல் இருக்க வடிகட்டி போடலாமா? திரைகளை எல்லோருக்கும் தெரியும்படி வைத்தால் போதாதா?
– ஆசிரியை, புதுக்கோட்டை

பதில்: இரண்டும் வேண்டும். கிளவுட்ஃபிளேர் நிறுவனம் குடும்பங்களுக்கென இலவசமாகத் தரும் 1.1.1.3, 1.0.0.3 ஆகிய டிஎன்எஸ் (தளத்தின் பெயரைக் கொண்டு அதன் இணைய முகவரியைக் கண்டுதரும் சேவை) முகவரிகளை ரௌட்டரில் இட்டுவிட்டால், தீங்கு நிரல் பரப்பும் தளங்களும் ஆபாசத் தளங்களும் பெருமளவு தடுக்கப்படும். உலாவிகளில் 'பாதுகாப்பான டிஎன்எஸ்' என்ற பெயரில் இருக்கும் வசதி இந்தத் தடுப்பைத் தாண்டிச் சென்றுவிடும் என்பதால், அதை நிர்வாகி கணக்கிலிருந்து நிறுத்திவைக்க வேண்டும். யூடியூபில் கட்டுப்படுத்தப்பட்ட பயன்முறையை இயக்கலாம். வடிகட்டி சில வேளைகளில் உடல்நலம், பருவமடைதல் பற்றிய நல்ல பக்கங்களையும் தடுத்துவிடக்கூடும். ஒரு பெண் பிள்ளை கூச்சத்தோடு வந்து கேட்க நேராதபடி, அத்தகைய பக்கங்களை நீங்களே முன்கூட்டித் திறந்து சோதித்துப் பார்த்துவிடுவது நல்லது.

திரை கூடத்தை நோக்கி இருப்பது பிள்ளைகளுக்குப் பொருந்தும். வங்கிக் கடிதமோ மருத்துவ அறிக்கையோ பார்க்கும் பெரியவருக்கு அது பொருந்தாது. நான்கு கணினிகள் இருந்தால் மூன்றைக் கூடத்தை நோக்கி வைத்து, ஒன்றை மட்டும் நூலகரின் மேசைக்கு அருகில், அவருக்கு ஆள் தெரியும்படியும் திரை பிறருக்குத் தெரியாதபடியும் பெரியவர்களுக்கென ஒதுக்குங்கள். பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் ஆசிரியை ஒருவர் இருக்கும் இடத்தில் வடிகட்டிக்கு வேலை குறைவு என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

கேள்வி: பென் டிரைவைப் பொதுக் கணினியில் போட்டு எடுத்தால் கோப்புறைகள் எல்லாம் குறுக்குவழிகளாக மாறிவிடுகின்றன. கோப்புகள் போய்விட்டனவா?
– வாசகர், விழுப்புரம்

பதில்: பெரும்பாலும் போயிருக்காது. அந்த வைரஸ் உண்மையான கோப்புறைகளை மறைத்துவிட்டு, அதே பெயரில் குறுக்குவழிகளை வைக்கிறது. அவற்றைச் சொடுக்கினால் வைரஸும் ஓடத் தொடங்கும். எதையும் சொடுக்காமல் லினக்ஸ் கணினி ஒன்றில் செருகிப் பாருங்கள். உங்கள் கோப்புறைகள் அங்கே தெரிய வாய்ப்பு மிகுதி. அவற்றை நகலெடுத்துக்கொண்டு பென் டிரைவை ஃபார்மட் செய்துவிடுங்கள்.

கேள்வி: நான் பார்வையற்றவன். நூலகக் கணினியில், திரையில் உள்ளதைப் படித்துக்காட்டும் என்விடிஏ மென்பொருளின் கையடக்கப் பதிப்பைப் பென் டிரைவிலிருந்து இயக்கிவந்தேன். இப்போது பாதுகாப்புக்காக எல்லா யுஎஸ்பி துளைகளையும் அடைத்துவிட்டார்கள். என்ன செய்யச் சொல்லலாம்?
– வாசகர், மதுரை

பதில்: யுஎஸ்பியை அடைப்பது அவர்கள் விருப்பம் என்றாலும், அதனால் ஒரு வாசகர் வெளியே நிற்க நேர்ந்தால் அந்த ஏற்பாடு முழுமையானதல்ல. என்விடிஏ இலவச மென்பொருள்தான்; அதைக் கணினியிலேயே நிறுவிவிடும்படி கேளுங்கள். அதனோடு வரும் ஈஸ்பீக் குரல் தமிழும் படிக்கும். நிறுவும்போது, உறைநிலையை நீக்கியபின் தமிழ்க் குரலையும் வேகத்தையும் அமைத்து, அதன் பிறகு உறைய வைக்க வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு நாளும் நீங்கள் முதலிலிருந்து அமைத்துக்கொண்டிருக்க நேரும். கன்ட்ரோல், ஆல்ட், என் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் அது தொடங்கும். கணினியைப் பூட்டி அமைப்பவர்கள் அந்த விசைச் சேர்க்கையை முடக்கிவிடாதிருக்க வேண்டும். லினக்ஸ் மின்ட் உள்ள நூலகமானால் ஓர்கா என்ற திரைவாசிப்பான் இருக்கிறது. ஆல்ட், விண்டோஸ் விசை, எஸ் ஆகியவற்றைச் சேர்த்து அழுத்திப் பாருங்கள். ஹெட்போன் செருகும் துளை முன்பக்கத்தில் வேலை செய்கிறதா என்பதையும் அவர்களையே சோதிக்கச் சொல்லுங்கள். நீங்கள் இடும் கடவுச்சொல்லும் படிக்கும் கடிதமும் ஒலிபெருக்கியில் கூடம் முழுவதும் கேட்கக் கூடாது.